மலைநாட்டுப் பறவைகளும் பண்டைக் காலநிலையும்

நிலத்தையும் அதில் வாழும் புள்ளையும் பிரித்து நோக்காதவர் பண்டைத் தமிழர். திணை ஒவ்வொன்றுக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணப் புகுந்த தொல்காப்பியனார், தெய்வம், உணவு, விலங்கு, மரம் என்பவற்றோடு புள்ளையும் சேர்த்தே கூறினார். பின்வந்த இலக்கண நூலார் கிளியையும் மயிலையும் குறிஞ்சிக்கும், காட்டுக்கோழியை முல்லைக்கும், நாரையை மருதத்துக்கும், கடற்காகத்தை நெய்தலுக்கும், பருந்தைப் பாலைக்கும் உரியனவாகக் கொண்டனர். இன்ன நிலத்தில் இன்ன பறவை வாழும் என்பதே அவ்வகுப்பின் உட்கிடை. அப்பறவை அவ்விடத்தில் வாழ்வது எதனால், அதனை ஒத்த பிறிதோரிடத்தில் வாழாமை எதனால் என்னும் வினாக்கள் இலக்கணத்தின் எல்லைக்குப் புறம்பானவை. அவ்வினாக்களை எழுப்பி விடைகாண முயன்றது விலங்கியல். அம்முயற்சியில் அதற்குத் துணைநின்றவை பாறைகளின் வரலாறும் பண்டை மழையின் வரலாறும் ஆகும். இவற்றின் தொடர்பை விளக்குதற்குக் கண்டி நகரமும் அதனைச் சூழ்ந்த மலைகளும் மிக ஏற்ற களமாக அமைந்துள்ளன.

மலையேறும் பறவைகள்

கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 அடி உயரத்தில் உள்ளது. தலதா மாளிகைக்குப் பின்புறமாக எழும் உடவத்தகலைக் காட்டில் மஞ்சள் நெற்றிக் குக்குறுவானின் ஓயாத குரலைக் கேட்கலாம். கழுத்தில் மரகதநிற வளையம் பூண்ட லேயாட்டின் கிளியும், பழுப்புத்தலைச் சிலம்பனும் அங்கு வாழ்கின்றன. இம்மூன்றும் இலங்கையையன்றி உலகில் வேறெங்கும் காணப்படாதவை.

கம்பளையையும் இறம்பொடையையும் கடந்து, 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவை அடைந்தால் வேறொரு கூட்டம் எதிர்ப்படுகின்றது. மஞ்சட்செவிப் புல்புல், மங்கல்நீல ஈப்பிடிப்பான், மலைநாட்டு வெள்ளைக்கண்ணி, இலங்கை மரப்புறா என்பன அக்கூட்டத்தைச் சார்ந்தவை. இன்னும் மேலே, ஹோட்டன் சமவெளியின் நீரோடைக் கரைகளில், விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் மாத்திரம் வெளிப்படும் இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியைக் காணலாம். இவையும் இலங்கைக்கே உரியவை.

ஏறத்தாழ 25,000 சதுரமைல் பரப்புடைய இத்தீவில் இவ்வாறு தனக்கே உரிய பறவையினங்கள் 30க்கு மேற்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலயத்திலும் மத்திய மலைநாட்டிலுமே செறிந்திருத்தல் கவனித்தற்குரியது. வடக்கே யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நிலை முற்றும் வேறானது. அங்கு காணப்படும் பறவைகள் எதிர்க்கரையிலுள்ள இராமநாதபுரத்துப் பறவைகளினின்றும் வேறுபடுவன அல்ல. கவுதாரியும் கரிக்குருவியும் இதற்குச் சான்று. தமிழகத்தின் வறண்ட வெளிகளில் எங்கும் காணப்படும் இவ்விரண்டும், இலங்கையில் வடபுலத்தையும் வடமேற்குக் கரையோரத்தையும் ஒட்டியே வாழ்கின்றன. கண்டிக் காடுகளை அவை அணுகுவதில்லை.

ஆகவே, ஒரே தீவினுள் இரு பறவைநாடுகள் உள்ளன எனலாம். ஒன்று இந்தியாவின் தொடர்ச்சிபோல் விளங்குவது. மற்றையது தனித்து நிற்பது. கடல் ஒன்றே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாயின், வடபுலமும் அதனால் தனித்திருத்தல் வேண்டும். அவ்வாறில்லாமையால் காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டியுள்ளது.

பாறையின் வயதும் பறவையின் வயதும்

கண்டி மலைகளின் பாறைகள் மிகப் பழையன. அவை நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றையுடைய உருமாறிய பாறைகள். தென்னிந்தியா, மடகாசுகர், கிழக்கு அந்தாட்டிக்கா என்னும் இடங்களின் பாறைகளோடு உறவுடையன. இந்நிலங்கள் யாவும் ஒருகாலத்திற் கொண்டுவானா என்னும் பெருங்கண்டத்தின் பகுதிகளாய் ஒட்டியிருந்தன. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்த நிலத்துண்டம் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாசுகரினின்றும் பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. அம்மோதலின் விளைவே இமயமலை.

இப்பழமையைக் கண்டு, மலைநாட்டுப் பறவைகளும் கொண்டுவானாக் காலத்தன என்று முடிவுகட்டுதல் தவறாகும். பாடும் பறவைகள், குக்குறுவான்கள், புறாக்கள் முதலிய இக்காலக் குடும்பங்களின் நெருங்கிய உறவினர் ஆசியாவிலேயே மிகுதியாக உள்ளனர். இந்தியத் துண்டம் ஆசியாவோடு இணைந்த பின்னரே அவற்றின் முன்னோர் தெற்கே பரவியிருத்தல் வேண்டும். பாறை பழையது, அதன்மேல் அமர்ந்திருக்கும் பறவை புதியது. பாறை செய்த உதவி உயரத்தைக் கொடுத்தமையே.

அவ்வுயரத்தின் அமைப்பும் கருதத்தக்கது. இலங்கையின் நிலம் மூன்று படிகளாக உயர்வதைக் கனடிய புவிச்சரிதவியலாளர் எப். டி. ஆடம்ஸ் 1929இல் எடுத்துக்காட்டினார். கரையோரத் தாழ்நிலம் முதற்படி. கண்டியைத் தாங்குவது இரண்டாம் படி. நுவரெலியாவும் ஹோட்டன் சமவெளியும் அமைந்தது மூன்றாம் படி. இப்படிகள் அரிப்பினால் உண்டாயின என்பது ஆடம்ஸின் கொள்கை. இலங்கை அரசின் கனிப்பொருளியலாளராகக் கடமையாற்றிய டி. என். வாடியா, நிலம் துண்டங்களாக மேலுயர்த்தப்பட்டமையே காரணம் என 1940களில் வாதித்தார். படிகள் எவ்வாறு தோன்றியிருப்பினும், பறவைகளைப் பொறுத்தவரை அவை வெப்பநிலையின் படிகளே. உயரம் ஆயிரம் அடி கூடுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ 2 பாகை செல்சியசு குறைகின்றது. கொழும்பின் சராசரி வெப்பநிலை 27 பாகைக்கு மேற்பட்டிருக்க, கண்டியில் அது ஏறத்தாழ 24 பாகையாகவும் நுவரெலியாவில் ஏறத்தாழ 16 பாகையாகவும் இருக்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றை மறித்து மழையாகப் பொழிவிப்பதும் இம்மலைகளே. குளிர்ந்த ஈரக்காடுகளை நாடும் பறவைகளுக்கு, வெப்பமும் வறட்சியும் மிக்க தாழ்நிலத்தின் நடுவே அமைந்த இம்மலைநாடு ஒரு தீவாகும். தீவினுள் ஒரு தீவு என்பதே பொருந்தும்.

கடல் வற்றிய காலம்

இலங்கையையும் இந்தியாவையும் பிரிக்கும் கடல் அகலத்திலும் ஆழத்திலும் சிறியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 18 மைல். இராமர் அணை என வழங்கும் மணற்றிட்டுக்கள் அவ்விடத்தே நீர்மட்டத்தை ஒட்டிக் கிடக்கின்றன. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 50 அடி ஆழத்துக்கும் உட்பட்டது.

இத்துணை ஆழமற்ற கடல் நிலையாக இருந்திருத்தல் இயலாது. பனிக்கட்டிக் காலங்களில் வட ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மூடிய பனிப்படலங்கள், உலகக் கடல்களின் நீரைத் தம்முள் அடக்கிவைத்தன. அவற்றுள் இறுதியானது உச்சநிலையை அடைந்த காலம், இற்றைக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன். அக்காலத்திற் கடல்மட்டம் இன்றுள்ளதினும் ஏறத்தாழ 400 அடி தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அன்று நீரிணையன்று; அகன்ற சமவெளி. மதுரையிலிருந்து புறப்பட்ட ஒருவர் கால் நனையாது அனுராதபுரத்தை அடைந்திருக்கலாம். இவ்வாறான நிலத்தொடர்பு ஒருமுறை மாத்திரம் நிகழ்ந்ததன்று. கடந்த 5 இலட்சம் ஆண்டுகளின் பெரும்பகுதியில் இலங்கை இந்தியாவோடு இணைந்தே இருந்தது என்பது ஆய்வாளர் கருத்து. பனி உருகிக் கடல் மீண்டும் உயர்ந்து இத்தீவைத் தனித்த தீவாக்கியது, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னரேயாம்.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. இத்துணை நெடுங்காலம் நிலத்தொடர்பு இருந்ததாயின், மலைநாட்டு உயிர்கள் இருபுறமும் கலந்து ஒன்றாகியிருத்தல் வேண்டும். ஆனால் நிகழ்ந்தது அதுவன்று. பெல்ஜிய உயிரியலறிஞர் பொசுயிற் என்பவரும், இலங்கை இந்திய ஆய்வாளர் உள்ளிட்ட அவர்தம் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், தவளைகள், நன்னீர் நண்டுகள், மண்ணிற் புதைந்துவாழும் பாம்புகள், நன்னீர் மீன்கள் முதலியவற்றின் பரம்பரையலகுகளை ஒப்புநோக்கினர். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள இனங்கள் பலவும் நெடுங்காலமாகத் தனித்தனியே கூர்ப்படைந்தவை என்பதும், நிலப்பாலத்தினூடாக நிகழ்ந்த பரிமாற்றம் மிகச் சிறிதே என்பதும் அதனாற் புலனாயின. பாலம் இருந்தது, கடந்தவை சில. இதற்குக் காரணம் என்ன?

திறந்த வாயிலும் வறண்ட வழியும்

இதற்கு விடை அப்பாலத்தின் இயல்பிலேயே அடங்கியுள்ளது. கடலைத் தாழ்த்திய அதே பனிக்கட்டிக் காலமே தென்மேற்குப் பருவக்காற்றையும் நலிவித்தது. ஆசியப் பெருநிலம் கோடையில் நன்கு வெப்பமடைவதாலேயே அக்காற்று தென்கடலினின்று ஈரத்தைச் சுமந்து வருகின்றது. நிலமும் கடலும் குளிர்ந்திருந்த காலத்தில் அவ்வீர்ப்பு தளர்ந்தது, மழை குறைந்தது.

இஃது ஊகம் மாத்திரமன்று. மலைச் சதுப்புநிலங்களில் தாவர எச்சங்கள் முற்றாக மக்காமல் படிப்படியாகச் சேர்ந்து முற்றாநிலக்கரியாகின்றன. அப்படிவுகள் காலநிலையின் நாட்குறிப்பு எனத்தக்கவை. மரங்களும் வெப்பவலயப் புற்களும் வளியினின்று காபனை ஏற்கும் முறையில் வேறுபடுவதால், அவற்றின் எச்சங்களிற் காபனின் பாரமான சமதானியின் விகிதமும் வேறுபடும். இந்திய உயிரியலறிஞர் ஆர். சுகுமாரும் பிறரும் நீலகிரிப் படிவுகளை இம்முறையால் ஆராய்ந்து, 1993இல் முடிவுகளை வெளியிட்டனர். பனிக்கட்டிக் காலத்தின் உச்சத்தில் அங்கு வறட்சியைத் தாங்கும் புல்வெளியே மேலோங்கியிருந்தது என்பதை அவை காட்டின. இலங்கையிலே ஹோட்டன் சமவெளியின் படிவுகளிலுள்ள மகரந்த மணிகளை இரத்னசிறி பிரேமதிலக்க ஆராய்ந்தார். 24,000 ஆண்டு வரலாற்றைக் கூறும் அப்படிவுகளும், உச்சப் பனிக்காலத்தில் அவ்விடம் இன்றுள்ளதினும் வறண்டிருந்ததையும், பின்னர் பருவமழை மெல்லமெல்ல மீண்டு காடு பரவியதையும் உணர்த்துகின்றன. மலையுச்சியின் நிலையே இதுவாயின், மழைநிழலிற் கிடந்த பாக்குச் சமவெளியின் நிலையைக் கூறவேண்டுவதில்லை. அது முட்புதரும் புல்லும் நிறைந்த வறள்நிலமாகவே இருந்திருக்கும்.

ஆகவே, வாயில் திறந்திருந்தபோது வழி வறண்டிருந்தது. மழை பெருகி வழி செழிக்கத் தொடங்கியபோது, உயர்ந்துவந்த கடல் வாயிலை அடைத்துவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கவுதாரியும் கரிக்குருவியும் அவ்வறண்ட வழிக்கு உரியன. ஆதலின் அவை தடையின்றி வந்து, ஈரவலயத்தின் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டன. ஈரக்காட்டுப் பறவைகளுக்கோ, அப்பாலம் கடலை ஒத்த தடையாகவே இருந்தது. பாலமும் அவற்றுக்குப் பாலையே.

பறவைக்குச் சிறகு உண்டே, 18 மைல் அதற்கு ஒரு பொருட்டோ என வினவலாம். காஷ்மீர ஈப்பிடிப்பான் என்னும் சிறுபறவை, காஷ்மீரத்திலும் அதனை அடுத்த மலைகளிலும் குஞ்சுபொரித்து, குளிர்காலத்தைக் கழிப்பதற்கு நுவரெலியாப் பூங்காக்களுக்கு ஆண்டுதோறும் வருகின்றது. இஃது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைல் பயணம். ஆயினும் வலசைபோதல் வேறு, குடியேறுதல் வேறு. நிலையாக ஓரிடத்தில் வாழும் காட்டுப்பறவைகள் பல, நிழலை விட்டு வெட்டவெளியிற் செல்வதற்கே தயங்குவன. அடுத்த மரம் கண்ணுக்குத் தோன்றாவிடின் அவற்றுக்கு உலகம் அவ்விடத்தோடு முடிந்தது. பறக்கும் வலிமையன்று, பழகிய வாழிடமே அவற்றின் எல்லையை வகுக்கின்றது.

வறண்ட காலத்தில் இலங்கைக் காடுகள் முற்றும் அழிந்துவிடவில்லை என்பதற்கும் சான்றுண்டு. களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கலைக் குகையிலும், இரத்தினபுரி மாவட்டத்து பட்டதொம்பக் குகையிலும் வாழ்ந்த கற்கால மக்கள் குரங்கு, மலையணில் முதலிய மழைக்காட்டு விலங்குகளை வேட்டையாடி உண்டனர். அவர்தம் பற்களை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட முடிவுகள், உச்சப் பனிக்காலத்திலும் அவர்கள் மழைக்காட்டை நம்பியே வாழ்ந்தனர் எனக் காட்டின. தென்மேற்கில் காடு நிலைத்திருந்தது. அதனோடு காட்டுப்பறவைகளும் பிழைத்திருந்தன.

தென்னமெரிக்காவுக்கும் இத்தகைய விளக்கம் கூறப்பட்டதுண்டு. அமேசன் பெருங்காட்டின் பறவைகள் இடத்துக்கிடம் வேறுபடுவதை நோக்கிய ஜேர்மானிய அறிஞர் யூர்கன் ஹாபர், பனிக்கட்டிக் காலத்து வறட்சியில் அக்காடு சிதறித் துண்டங்களாய் நின்றது எனவும், ஒவ்வொரு துண்டமும் ஒரு புகலிடமாகிப் புதிய இனங்களை உருவாக்கியது எனவும் 1969இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அமேசன் காடு அத்துணை சிதறவில்லை என்பதையும், அந்தீசு மலையின் எழுச்சியும் பேராறுகளின் போக்குமே பல இனங்களுக்குப் பழைய காரணங்கள் என்பதையும் உணர்த்தின. ஓரிடத்தின் வரலாற்றை ஒரே காரணத்தால் விளக்கிவிடலாகாது என்பது அதிலிருந்து பெறப்படும் படிப்பினை. இலங்கைக்கும் அது பொருந்துவதே.

மூவகை உறவு

மலைநாட்டுப் பறவைகளின் உறவுமுறையை ஆராயின் அவை ஒரே காலத்தில் வந்தவை அல்ல என்பது தெளிவாகும். அவற்றை மூவகையாகப் பகுக்கலாம்.

முதல்வகை, மேற்குத் தொடர்ச்சி மலையில் நெருங்கிய உறவினரை உடையவை. இலங்கை மரப்புறாவுக்கு நீலகிரி மரப்புறாவும், மங்கல்நீல ஈப்பிடிப்பானுக்கு நீலகிரி ஈப்பிடிப்பானும், லேயாட்டின் கிளிக்கு மலபார்க் கிளியும் ஈடாக நிற்கின்றன. இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியை ஒத்த மலபார்ப் பூங்குருவி, குடகிலும் கேரளத்திலும் மனிதர் சீழ்க்கையடிப்பதுபோற் பாடுகின்றது. இவற்றின் முன்னோர், வாயிலும் வழியும் ஒருங்கே இசைந்திருந்த ஏதோவொரு காலத்திற் பரவியிருந்து, பின் பிரிந்து வெவ்வேறினங்களாயின. தவளைவாயன் என்னும் இராப்பறவையும் தீக்காக்கையும் இருபுறத்தும் இன்னும் ஒரே இனமாகவே உள்ளன. எனவே, அவற்றின் பிரிவு பிந்தியதாதல் வேண்டும்.

இரண்டாம் வகை, அண்டை நாட்டில் உறவினர் இன்றி, சேய்மையில் உறவினரை உடையவை. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சிங்களத்திற் கெகிபெல்லா எனப்படும் நீலப்பறவை. காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த இது, நீலவுடலும் செம்பழுப்புத் தலையும் செவ்வலகும் நீண்ட வாலும் உடையது. சிங்கராஜ வனத்திலும் மலைக்காடுகளிலும் வாழ்வது. இதன் சாதியைச் சேர்ந்த ஏனையவை இமயமலைச் சாரலிலும் பர்மாவிலும் சீனாவிலும் தைவானிலும் உள்ளன. தென்னிந்தியாவில் ஒன்றேனும் இல்லை.

இத்தகைய இடைவெளிகளை விளக்குதற்கு இந்திய விலங்கியலறிஞர் சுந்தர்லால் ஹோரா ஒரு கொள்கையை வகுத்தார். விந்திய சாத்பூரா மலைகள் முன்பு ஈரமும் உயரமும் மிக்கனவாய் இருந்து, அசாமையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் பெருவழியாயின என்பது அது. மீன்களைக் கொண்டு அவர் கூறியதைப் பறவைகளுக்கும் பொருத்திப் பறவையறிஞர் சாலிம் அலி 1949இல் எழுதினார். அக்கொள்கை இன்று முழுமையாக ஏற்கப்படுவதில்லை. ஒரு குறுகிய வழியைக் கற்பிப்பதினும், ஈரக்காடு ஒருகாலத்திற் பரந்து கிடந்தது எனவும், நடுவிந்தியா வறண்டபோது இடைப்பட்ட பறவைகள் அழிந்தன எனவும் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. மாலையொன்றின் நடுமணிகள் உதிர்ந்துவிட, இருமுனை மணிகள் மாத்திரம் எஞ்சியமை போன்றது இது.

மூன்றாம் வகை மிகப் பழையது. நுவரெலியாத் தோட்டங்களில் வெண்வளையம் சூழ்ந்த கண்களோடு கூட்டமாய்த் திரியும் மலைநாட்டு வெள்ளைக்கண்ணி, தாழ்நிலத்தில் வாழும் இந்திய வெள்ளைக்கண்ணியின் ஒரு கிளையே எனத் தோற்றத்தாற் கருதப்படக்கூடும். பரம்பரையலகு ஆய்வு வேறொன்றைக் கூறுகின்றது. ஆபிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை பரந்துள்ள அச்சாதியின் மரத்தில், இலங்கை மலைநாட்டினம் அடியிலேயே பிரிந்த தொன்மையான கிளை. புதர்களிடையே மறைந்து திரியும் இலங்கைப் புதர்க்குருவியும் தனக்கென ஒரு சாதியையே உடையது. இவற்றின் முன்னோர் வந்த வழியை இன்றைய நிலப்படத்திற் காண்டல் இயலாது.

மலைகளே தீவுகள்

வறட்சியும் வெப்பமுமே கடலை ஒத்த தடை எனக் கொள்வதாயின், நிலத்தால் இணைந்த மலைகளிடையும் அத்தடையின் விளைவைக் காணல்வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையை ஊடறுக்கும் பாலக்காட்டுக் கணவாய் 20 மைலுக்கு மேற்பட்ட அகலமுடையது. இருபுற மலைகளும் 8,000 அடிக்கு மேல் எழ, அது ஆயிரம் அடிக்கும் தாழ்ந்து கிடக்கின்றது. அதன் வடக்கே நீலகிரியிலும் தெற்கே ஆனைமலையிலும் சோலைகளில் வாழும் குறுஞ்சிறைச் சிறுபறவைகளை வி. வி. றொபின் முதலியோர் ஆராய்ந்து, அவை பல இலட்சம் ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்ந்தவை என 2010இல் எடுத்துக்காட்டினர். நடுவே கடலில்லை, வெப்பமான ஒரு பள்ளத்தாக்கு மாத்திரமே உண்டு.

கண்டிக்குக் கிழக்கேயும் அத்தகைய பள்ளம் ஒன்றுளது. மகாவலி கங்கை ஓடும் தும்பறைப் பள்ளத்தாக்கு, நக்கிள்ஸ் மலைத்தொடரை மத்திய மலைநாட்டினின்றும் பிரிக்கின்றது. அதன் இருபுறத்தும் வாழும் மலைப்பறவைகள் பெரும்பாலும் ஒரே இனத்தனவே. ஆனால் ஊர்வன அவ்வாறில்லை. ஹோட்டன் சமவெளியில் வாழும் குள்ளவோணானுக்கு ஈடாக நக்கிள்ஸ் மலையில் வாழ்வது வேறோர் இனம் என்பது 2006இல் உறுதிசெய்யப்பட்டது. மூக்கிற் கொம்புடைய ஓணான்களும் அவ்வாறே இருபுறத்தும் வேறுவேறானவை. சிறகுள்ளது கடக்கும் சிறு பள்ளத்தைக் கால்கொண்டு ஊர்வது கடப்பதில்லை. தடையின் அளவும் அதனைக் கடப்பதன் இயல்பும் சேர்ந்தே உயிர்களின் பரம்பலை வகுக்கின்றன.

இக்காலத்து நிலை

இதுவரை கூறியவை பழங்கதைகள் அல்ல. வெப்பமும் மழையும் இன்றும் மாறுகின்றன. மாறும் வேகமே வேறு.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டியைச் சூழ்ந்த காடுகள் கோப்பிக்காக வெட்டப்பட்டன. 1869இற் பரவத்தொடங்கிய இலைநோயாற் கோப்பி அழிய, 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைப் பாதுகாத்தல் வேண்டுமெனத் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் விடுத்த பரிந்துரையே உயர்மலைக் காடுகள் ஓரளவு எஞ்சுதற்கு ஏதுவாயிற்று. இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி 1872இல் அறிவியற் பெயர் பெற்றபோது, அதனைச் சேகரித்த பிளை என்பவரின் பெயரே அதற்கு இடப்பட்டது. அவர் ஒரு கோப்பித் தோட்டத் துரை. காட்டை வெட்டிய தொழிலும் காட்டுப்பறவையைக் கண்டறிந்த ஆர்வமும் ஒருவரிடத்தே அமைந்தமை அக்காலத்தின் இயல்பைக் காட்டுவது.

இன்று மலைநாட்டுக் காடுகள் தேயிலையின் நடுவே துண்டுதுண்டாக நிற்கின்றன. உடவத்தகலை ஏறத்தாழ 250 ஏக்கர் பரப்புடையது. நாற்புறமும் நகரத்தாற் சூழப்பட்டது. பண்டை வறட்சி செய்த பிரிவினையை மனிதர் ஒன்றரை நூற்றாண்டிற் செய்துமுடித்தனர்.

வெப்பநிலை ஒரு பாகை உயருமாயின், அதற்கேற்ற குளிர்நிலையை நாடும் உயிர்கள் ஏறத்தாழ 500 அடி மேலே செல்லவேண்டியிருக்கும். பனிக்கட்டிக் காலம் முடிந்து உலகம் வெப்பமடைந்தபோது மலைப்பறவைகளுக்கு ஏறுவதற்கு மலையிருந்தது. ஏறும் வழியிற் காடும் இருந்தது. இப்போது அவை மூன்றாம் படியில் நிற்கின்றன. அதற்குமேற் படியில்லை. இலங்கையின் மிகவுயர்ந்த பிதுருதலாகலையின் உச்சி 8,281 அடி; உயரம் கூடக்கூட நிலப்பரப்பும் சுருங்குகின்றது. நீலகிரிக்குச் செல்வதற்கு வழியுமில்லை. புல்புல்லும் ஈப்பிடிப்பானும் புதர்க்குருவியும் இங்கிருந்து மறையுமாயின், உலகினின்றும் மறைந்தனவாம்.

இதற்கு நேர்மாறான செய்தியொன்றும் கருதத்தக்கது. இலக்கண நூலார் மயிலைக் குறிஞ்சிப் புள்ளாக எண்ணினரேனும், இலங்கையில் அது உலர்வலயத் தாழ்நிலத்துக்கு உரியதாகவே இருந்துவந்தது. அண்மைப் பத்தாண்டுகளில் அது ஈரவலயத்தினுள்ளும் மலைச்சாரல்களிலும் பரவிவருகின்றது. காடழிந்தமை, வயல்கள் தரிசாகியமை, குஞ்சுகளை உண்ணும் நரி குறைந்தமை, காலநிலை மாறியமை எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. முருகன் ஊர்தியைத் தம் ஊரிற் காண்போர் மகிழ்தல் இயல்பே. ஆயினும் உலர்வலயப் பறவை மேலேறி வருதல், உலர்வலயத்துக்கு ஏற்ற நிலமும் மேலேறி வருவதன் அடையாளமாகலாம் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

செயற்பாலன அரியன அல்ல. எஞ்சிய காட்டுத் துண்டங்களை ஒன்றோடொன்று இணைத்தலே முதன்மையானது. நீரோடைகளின் கரைகளிலும் தேயிலைக்கு ஒவ்வாத செங்குத்துச் சரிவுகளிலும் உள்நாட்டு மரங்களை வளரவிடுதல், நிழலை விட்டகலாப் பறவைக்கு ஒரு பாலம் அமைத்தலாகும். நக்கிள்ஸ், ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடுகள் ஆகியன 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டமை நற்செய்தியே; ஆயின் அவற்றின் இடைப்பட்ட நிலம் தோட்டங்களும் கிராமங்களும் பாடசாலைகளும் உள்ள நிலம். அந்நிலத்தில் வாழ்வோர் கையிலேயே பாலம் அமைத்தல் உள்ளது. எந்தப் பறவை, எந்த உயரத்தில், எந்த மாதத்திற் காணப்பட்டது என மாணவர் ஆண்டுதோறும் எழுதிவைக்கும் குறிப்பு, இருபது ஆண்டுகளின் பின் அறிஞர்க்குக் கிடைத்தற்கரிய சான்றாகும். சதுப்புநிலப் படிவுகள் பண்டைக் காலத்துக்கு நாட்குறிப்பாயின. இக்காலத்துக்குரிய நாட்குறிப்பை எழுதவேண்டியவர் இங்கு வாழ்பவரே.